லான்சர்ஸ் யாருடைய ஆட்டம்?

எங்கள் பங்குச் சாமியாரிடம் யார் உதவி கேட்டாலும் இல்லை என்று சொல்லமாட்டார். கேட்டதை வேறொருவர் தலையில் கட்டிவிடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்து, நான் கீபோர்டை உறைக்குள் போட்டுக்கொண்டிருந்தபோது, நெட்டையான ஒரு வெள்ளைக்காரரைக் கூட்டிக்கொண்டு பாடகர் நிற்கும் இடத்துக்கு வந்தார். "இவ வாசிப்பா" என்று என்னைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். எதை வாசிப்பேன், யாருக்கு வாசிப்பேன் என்பதை அந்த மனிதரே எனக்குச் சொல்லவேண்டியதாயிற்று.

அவர் ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர். வியாழக்கிழமை மாலைகளில் எங்கள் கோயிலின் நிலவறை மண்டபத்தில் கூடுகிற பழைய ஆங்கிலேய நடனக் கழகத்தின் தலைவர். கழகத்துக்குப் பியானோ வாசித்துவந்த பெண்மணி, மகளுடன் இருக்கவென்று கணவரையும் கூட்டிக்கொண்டு வான்கூவருக்குப் போய்விட்டாராம்.

"நோட்ஸ் பார்த்து வாசிப்பீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். இல்லை என்று நான் சொன்னால் பெருந்தன்மையோடு மன்னிப்பதற்குத் தயாராக நின்ற முகம். நான் யாழ்ப்பாணத்தில் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில், அடிமட்டத்தால் விரலில் அடிவாங்கிப் பியானோ படித்தவள். வாசிப்பேன் என்றேன். மன்னிக்கிற வாய்ப்புக் கைநழுவிப் போனதில் அவருக்குச் சின்ன ஏமாற்றம்.

அவர் தந்த தாள்கட்டில் ஐந்து பாட்டுகள் இருந்தன. முகப்பில் 'லான்சர்ஸ்' என்று கொட்டை எழுத்து. லான்சர்ஸ் என்றால் ஈட்டி பிடித்த குதிரைப்படை வீரர்கள். ஆடுகிறவர்களிடம் ஈட்டியும் இல்லை, குதிரையும் இல்லை. இது குவாட்ரில் என்கிற வகை. நாலு சோடிகள் ஒரு சதுரத்தின் நாலு பக்கமும் நின்று, ஒருவரையொருவர் வணங்கி, கைபிடித்துச் சுற்றி, இடம்மாறி, கடைசியில் புறப்பட்ட இடத்துக்கே வந்துசேர்வது. ஐந்து கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு பாட்டு. ஒன்று துள்ளும், ஒன்று நடைபோடும், கடைசிப் பாட்டு அணிவகுப்பு மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வரும். வீட்டில் வாசித்துப் பார்த்தபோது எனக்கு உடனே பிடித்துப்போனது. டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற சமையற்கூடத்தில் நாள் முழுக்கத் தட்டுகளில் பாண் துண்டும் பட்டரும் வைக்கிறவளுக்கு, எட்டு எட்டாக வந்து ஒழுங்காக முடிகிற எந்தப் பாட்டும் பிடிக்கும்.

என் கணவருக்குத்தான் பிடிக்கவில்லை.

"வேலையால வந்து திரும்பவும் வெளிக்கிடப்போறீரோ? இந்தப் பனிக்குள்ள ஆர் கார் ஓடுறது?"

"நீங்கள்தான்."

"என்ர முதுகு?"

அவருடைய முதுகைப்பற்றிச் சொல்லவேண்டும். பண்டகசாலை வேலையில் இருந்தபோது ஒருநாள் பிடித்துக்கொண்டது. வேலையை விட்டார், பிறகு வீட்டிலிருந்தபடியே தொலைபேசியில் செய்கிற வேலை ஒன்று கிடைத்தது. அந்த முதுகு நல்ல நினைவாற்றல் உள்ளது. அரிசிச் சாக்கைக் கண்டால் வலிக்கும், பனி வழிக்கிற சவளைக் கண்டால் வலிக்கும். கிரிக்கெட் பார்க்கக் குனிந்து உட்கார்ந்தால் ஆறு மணித்தியாலம் ஒன்றும் செய்யாது. ஆனாலும் மனிதர் முணுமுணுத்துக்கொண்டே என்னைக் கொண்டுபோய் இறக்கினார். பத்து நிமிட ஓட்டத்துக்குத் திரும்பிப் போய் வருவானேன் என்று, ஜாக்கெட்டைக் கழற்றாமலே மண்டபத்துக் கதவோரம் ஒரு கதிரையில் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று ஏழு பேர் வந்திருந்தார்கள். முன்பு கழகத்தில் பதினாறு பேர் இருந்தார்களாம். நாலாவது கட்டத்தில் ஒரு சோடி பக்கத்துச் சோடிகளிடம் விருந்துக்குப் போவதுபோல் போய் வணங்கிவிட்டு வரவேண்டும். முதலில் வலப்பக்கம் போவதா, இடப்பக்கம் போவதா என்று வாக்குவாதம் வந்து கழகம் இரண்டாக உடைந்துவிட்டது. இடப்பக்கத்தார் செவ்வாய்க்கிழமைகளில் வேறொரு மண்டபத்தில் ஆடுகிறார்கள். இருபகுதியும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. தலைவர் இதைக் குரலைத் தாழ்த்தி எனக்குச் சொன்னார். வெளியாருக்கு விளங்காது என்று நினைத்திருக்கவேண்டும். இந்த நகரத்தில் எத்தனை தமிழ்ச் சங்கங்கள் இருக்கின்றன என்றும், ஒவ்வொன்றும் எதிலிருந்து எதற்காக உடைந்தது என்றும் நான் அவருக்குச் சொல்லப்போகவில்லை. அந்த மண்டபத்தில் எனக்குச் சட்டென்று சொந்த வீட்டுக்கு வந்த உணர்வு வந்தது.

பியானோக்காரியின் கணவரும் போய்விட்டதால் சதுரத்தில் ஓராள் குறைந்தது. தலைவர் கதவோரத்தைப் பார்த்தார்.

"நோ, நோ. பேக் பெயின்" என்று என் கணவர் எழும்பி நின்று முதுகைத் தொட்டுக் காட்டினார். எழும்பியதுதான் பிழை. துணையில்லாமல் நின்ற பெண்மணி வந்து கையைப் பிடித்துவிட்டார். கியூபெக்காரி, எங்கள் மாகாணத்தின் பிரெஞ்சு பேசுகிறவர். முப்பது வருடம் நகரப் பேருந்து ஓட்டியவர். கட்டையான உருவம், ஸ்டியரிங் பிடித்து உரமேறிய கை. "வியான், வியான்" என்றார். பிரெஞ்சில் வா, வா என்று அர்த்தம். என் கணவருக்கு அந்தச் சொல் தெரியாது, ஆனால் அந்தப் பிடி விளங்கியது.

முதல் நாதத்துக்கு எல்லோரும் வணங்கவேண்டும். நான் வாசித்துக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தேன். என் கணவர் இடுப்பை மடித்து, ஒரு கையை நெஞ்சில் வைத்து, பேருந்து ஓட்டிய பெண்மணிக்கு ஒரு வணக்கம் செய்தார் பாருங்கள்! எங்கள் கலியாணத்தில் படம் பிடித்தவர் மூன்று தரம் கெஞ்சிய பிறகுதான் என் பக்கம் முகத்தைத் திருப்பிய மனிதர் இவர். ஒரு மணித்தியாலம் ஆடினார். பிழை விட்டார், ஆனால் எண்ணிக்கை விடவில்லை.

காரில் கேட்டேன். "முதுகு எப்பிடி இருக்கு?"

"எந்த முதுகு?" என்றார்.

அடுத்த வியாழன் எனக்கு முன்பே வெளிக்கிட்டு நின்றார். சப்பாத்து மினுங்கியது.

தேநீர் இடைவேளையில் தலைவர் ஐந்து நிமிடம் வரலாறு சொல்வார். ஒவ்வொரு வாரமும் அதே வரலாறுதான். லான்சர்ஸ் ஆங்கிலேயரின் தூய ஆட்டம். அதில் ஓரடியை மாற்றினாலும் ஒரு நாகரிகத்தின் கல்லை உருவியது போல. அவர் சொல்லும்போது கண் ஈரமாகும். இந்த மனிதர் இந்த நகரத்தின் மேற்குப் புறநகரான வெஸ்ட் ஐலண்டிலேயே பிறந்து வளர்ந்தவர். இங்கிலாந்து மண்ணில் ஒரே ஒருமுறை கால் வைத்திருக்கிறார், அதுவும் விமானம் மாறுவதற்காக.

"பிறகு ஏன் எல்லாக் கட்டத்துக்கும் பிரெஞ்சுப் பெயர்?" என்று பேருந்து ஓட்டியவர் வாரம் தவறாமல் கேட்பார். இது அவர்களுடைய ஆட்டமாம். அவருடைய தகப்பன் வீட்டுக் குசினியில் மேசையை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு 'லே லான்சியே' ஆடுவார்களாம். ஒருவர் பிடில் வாசிக்க, இன்னொருவர் இரண்டு கரண்டியைத் தொடையில் தட்டுவாராம். "நீங்கள் எங்களிடம் எடுத்தது" என்பார். "நீங்கள் எங்களிடம் எடுத்து, பெயரை மாற்றியது" என்பார் தலைவர். மற்ற ஐந்து பேரும் இருவருக்கும் மாறி மாறித் தலையாட்டுவார்கள். எந்தக் கழகத்துக்கும் அந்த ஐந்து பேர்தான் அஸ்திவாரம்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம், தாளின் அடியில் உள்ள பொடி எழுத்தையும் வாசிப்பது. ஒருநாள் வாசித்ததை அப்படியே சொல்லிவிட்டேன். இரண்டாவது பாட்டு பாரிஸில் நடந்த ஓர் இசை நாடகத்தில் வந்தது. மூன்றாவது, இத்தாலிய வயலின்காரர் ஒருவர் செய்தது. கடைசிப் பாட்டு போலந்துக்காரருடையது. எல்லாவற்றையும் ஒன்றாகக் கோர்த்தது டப்ளினில் இருந்த ஒரு நடன ஆசிரியர் என்று ஒரு கட்சி. இல்லை, வேல்ஸ் கடற்கரை ஊர் ஒன்றில் இருந்த இன்னொருவர் என்று எதிர்க்கட்சி. குவாட்ரில் என்கிற வகையே, இங்கிலாந்துக் கிராமத்து ஆட்டம் பிரான்சுக்குப் போய், அங்கே சதுரமாகி, புதுப் பெயரோடு திரும்பி வந்ததாம். சின்ன வயதில் வெளிநாடு போன பிள்ளை, பெயரைச் சுருக்கிக்கொண்டு, ஊர்ச் சாப்பாடு உறைக்கிறது என்று சொல்லிக்கொண்டு திரும்பி வருமே, அதுபோல.

தலைவர் ஒரு பிஸ்கற்றை எடுத்துத் தேநீரில் தோய்த்தார்.

"அவையெல்லாம் சில்லறை விவரங்கள்" என்றார் தலைவர்.

இதோடு நின்றிருந்தால் நல்லது. டோர்வலில் எனக்குப் பக்கத்து மேசையில் வேலை செய்கிற பெண் மட்டக்களப்புப் பறங்கி, போர்த்துக்கேயர் வழிவந்தவள். போர்த்துக்கேயப் பெயர், எங்களையெல்லாம் தோற்கடிக்கிற மட்டக்களப்புத் தமிழ். ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நான் என்னையறியாமல் முதலாவது பாட்டை முணுமுணுத்துக்கொண்டு தட்டுவண்டியில் தாளம் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அக்கா, இது எங்கட லான்சர்ஸ் எலுவா!" என்றாள். எலுவா என்றால் அவள் ஊரில் அல்லவா.

"உங்கடையோ?"

"ஓமக்கா. எங்கட ஆக்கள்ற கலியாணத்தில லான்சர்ஸ் ஆடாம பொம்புள மாப்புளய வெளிய விடமாட்டாங்க. என்ட கலியாணத்துக்கும் ஆடின. எங்கட அப்பா வயலின் வாசிச்ச. இது போத்துக்கீசுக்காரர்ர ஆட்டம்."

"போத்துக்கீசுக்காரர் வந்த காலத்தில இந்த ஆட்டமே இல்லையாம். இங்கிலீசுக்காரர் கொண்டுவந்திருப்பினம்."

"ஆரு சொன்ன?" என்றாள். அவள் குரலில் தலைவரின் குரல் அப்படியே கேட்டது.

அடுத்த வியாழன் அவளை மண்டபத்துக்குக் கூட்டிப்போனேன். தலைவர் மரியாதையாக வரவேற்றார். இலங்கையில் இந்த ஆட்டம் இருப்பது பிரதியாக இருக்கலாம், பிரதிகள் சுவையானவை என்றார். அவள் நாலாவது கட்டம் வரைக்கும் கைகட்டிக்கொண்டு பார்த்தாள். தலைவர் வலப்பக்கம் விருந்துக்குப் போனதும், "ஐயோ, பிழை. இடப்பக்கம் எலுவா முதல்ல போற!" என்று உரத்துச் சொன்னாள். என் கணவர் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துத் தொலைத்தார். தலைவரின் முகம் வெளுத்தது. செவ்வாய்க்கிழமைக் கட்சி இந்து சமுத்திரம் வரைக்கும் கிளை வைத்திருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

அந்த இரவே என் கணவர் ஆராய்ச்சியில் இறங்கினார். எல்லோருக்கும் ஒரு பங்கு இருக்கும்போது தனக்கு மட்டும் இல்லாதது அவருக்குப் பொறுக்கவில்லை.

"இஞ்சை பாரும். குவாட்ரில் எண்டால் என்ன? சதுரம். சதுரத்தில நிண்டு ஆடுறது என்ன? சதிர்! சதுர், சதிர். விளங்குதோ?"

"சதிர் ஓராள் தனிய ஆடுறதெல்லோ?"

"அது பிற்காலத்தில. அடுத்தது, லான்ஸ் எண்டால் என்ன?"

"ஈட்டி."

"ஈட்டி எண்டால் வேல். வேல் ஆற்றை கையில இருக்கு?"

"நாங்கள் வேதக்காரர் அப்பா."

"வேதக்காரர் எண்டாப்போல தமிழர் இல்லையோ?" என்று சொல்லிவிட்டு, நாலு நிமிடத்துக்கு ஒரு குரற்பதிவு செய்து சொந்தக்காரர் எல்லோருக்கும் வாட்ஸப்பில் அனுப்பினார். பழந்தமிழரின் வேலாட்டம் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போய் லான்சர்ஸ் ஆன வரலாறு. பின்னணியில் நான் சட்டி கழுவுகிற சத்தம்.

பத்து நாளில் அது திரும்பி வந்தது. புரோசார்டில் இருக்கும் அவருடைய தங்கையின் கணவர் அனுப்பியிருந்தார். அவருக்கு ரொறன்ரோவிலிருந்து வந்ததாம். இப்போது அது எழுத்தில் இருந்தது. மேலே 'ஒவ்வொரு தமிழனும் அறியவேண்டிய மறைக்கப்பட்ட உண்மை' என்று சிவப்புத் தலைப்பு. கீழே, ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியர் இதை முப்பது வருடம் ஆராய்ந்து கண்ணீரோடு ஒப்புக்கொண்டார் என்று ஒரு வரி சேர்ந்திருந்தது. பேராசிரியரின் படமும் இருந்தது. அவர் பல் வைத்தியர் போல இருந்தார்.

என் கணவர் ஓடிவந்து அதை என்னிடம் காட்டினார். "பாத்தீரோ? நான் சொன்னன்தானே!"

"இது நீங்கள் சொன்னதுதானே அப்பா?"

"நான் சும்மா ஊகமாச் சொன்னன். இவர் ஆராய்ஞ்செல்லோ சொல்லியிருக்கிறார்."

நான் வெங்காயம் வெட்டப் போய்விட்டேன்.

கோடையில் எங்கள் வட்டார நகரசபை பூங்காவில் ஒரு பண்பாட்டு நாள் வைக்கிறது. எங்கள் கழகத்துக்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். பண்பாட்டு அலுவலர் ஓர் இளம்பெண். நடனத்தின் தோற்றம்பற்றி ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் அரைப்பக்கம் வேண்டும் என்று கேட்டிருந்தாள். ஆங்கிலத்தைத் தலைவர் எழுதினார். அதைப் பிரெஞ்சில் மொழிபெயர்க்கும் பொறுப்புப் பேருந்து ஓட்டியவரிடம் போனது. அவர் மொழிபெயர்த்தார் என்று சொல்வதற்கில்லை. பேருந்தை வேறு வழியால் கொண்டுபோனார்.

அச்சாகி வந்த துண்டுப்பிரசுரத்தின் ஒரு பக்கத்தில் லான்சர்ஸ் இங்கிலாந்தின் ஆன்மா. மறுபக்கத்தில் லே லான்சியே கியூபெக் குசினிகளில் பிறந்த மக்கள் கலை. ஒரே தாள்தான், திருப்பிப் பார்த்தால் நாடு மாறும். இரண்டு மொழியும் வாசிக்கத் தெரிந்த அலுவலருக்கு இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க நேரமிருக்கவில்லை. போதாததற்கு, என் கணவர் அந்தப் பல் வைத்தியர் முகத்தைப் போட்டுத் தமிழில் தனியாக ஒரு தாள் அச்சடித்துக்கொண்டு வந்து விநியோகித்தார்.

அன்று நல்ல வெயில். எங்களுக்கு முன்பு சும்பா உடற்பயிற்சி ஆட்டம், எங்களுக்குப் பிறகு கராத்தே. கூடாரத்துக்கு முன்னால் புல்லில் சதுரம் நின்றது. மண்டபத்துப் பியானோவைக் கொண்டுவர முடியாது என்பதால் கோயில் கீபோர்டை வைத்திருந்தேன். முன்வரிசையில் மட்டக்களப்புக்காரி குடும்பத்தோடு வந்து மடக்குக் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தாள். தலைவர் கறுப்புக் கோட்டும் வெள்ளைக் கையுறையுமாக வியர்த்து வழிந்துகொண்டு நின்றார். முதல் நாதத்துக்கு எட்டுப் பேரும் வணங்கினார்கள். எனக்கே பெருமையாக இருந்தது. மூன்று கட்டமும் எண்ணெய் போட்டதுபோல் ஓடின.

நாலாவது கட்டம் தொடங்கியது. எதிரெதிரே நிற்கிற இரண்டு சோடிகளும் ஒரே நேரத்தில் விருந்துக்குப் புறப்படவேண்டும். இருவரும் தங்கள் வலப்பக்கம் போனால் ஆளுக்கொரு வீடு. தலைவர் தன் துணையோடு வலப்பக்கம் புறப்பட்டார். எதிரே நின்ற என் கணவர், முன்வரிசையைப் பார்த்து ஒருமுறை தலையசைத்துவிட்டு, பேருந்து ஓட்டியவரோடு இடப்பக்கம் புறப்பட்டார். இரண்டு சோடிகளும் ஒரே வீட்டு வாசலில் போய் நின்றன. மற்றப் பக்கத்து வீட்டுச் சோடி வணங்குவதற்குக் குனிந்து, வருவார் யாருமில்லாமல், குனிந்தபடியே நின்றது.

"வலப்பக்கம்!" என்றார் தலைவர் பல்லைக் கடித்துக்கொண்டு.

"அவவின்ர ஊரில இடப்பக்கம்தான்" என்றார் என் கணவர், பதட்டத்தில் தமிழில்.

"ஆ கோஷ்!" என்றார் பேருந்து ஓட்டியவர். அவரும் இடப்பக்கம் என்கிறார். அவர் இவ்வளவு நாளும் மனதுக்குள் செவ்வாய்க்கிழமைக் கட்சி என்பது அப்போதுதான் வெளிப்பட்டது.

தலைவர் விட்டுக்கொடுக்காமல் ஓரடி முன்வைத்தார். என் கணவரின் நெஞ்சில் இடித்தார். பின்வாங்கினார். கூடாரக் கயிறு காலில் தட்டியது. கையுறை போட்ட இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, ஒரு நாகரிகம் முழுவதும் சாய்வதுபோல் மெதுவாகப் புல்லில் உட்கார்ந்தார். நான் பதறி எழும்ப, என் இடக்கை கீபோர்டின் பொத்தான் ஒன்றில் பட்டது. நாங்கள் கலியாண வீடுகளுக்குப் போட்டு வைத்திருந்த பைலாத் தாளம் டிரம்மும் மணியுமாகப் பிய்த்துக்கொண்டு கிளம்பியது.

நான் அதை நிறுத்தியிருக்கவேண்டும். ஆனால் அதிசயம் என்னவென்றால், வலக்கை வாசித்துக்கொண்டிருந்த பாட்டும் அந்தத் தாளமும் பொருந்திப்போயின. இரண்டும் அதே சிக்ஸ்-எயிட், ஆறு தட்டுத் தாளம். பாட்டு நிற்கவில்லை, என் விரலும் நிற்கவில்லை. மட்டக்களப்புக்காரி கதிரையை உதைத்துவிட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு சதுரத்துக்குள் வந்தாள். பேருந்து ஓட்டியவர் குதிக்காலால் தரையை உதைக்கத் தொடங்கினார். சும்பாக்காரர்கள் திரும்பி வந்தார்கள். வெள்ளை உடுப்போடு காத்திருந்த கராத்தேப் பிள்ளைகளும் வந்தார்கள். என் கணவர் நடுவில் நின்று தோளைக் குலுக்கியதை நான் யாரிடமும் சொல்வதில்லை. ஆனால் காணொளி இருக்கிறது.

முடிந்த பிறகு ஓர் இளம்பெண் என்னிடம் வந்தாள். ஆஸ்பத்திரி ஒன்றில் தாதியாக வேலை செய்ய மூன்று மாதத்துக்கு முன்புதான் இங்கிலாந்திலிருந்து வந்தாளாம். அந்தப் பூங்காவிலேயே இங்கிலாந்தில் பிறந்தவள் அவள் ஒருத்தியாகத்தான் இருந்திருக்கவேண்டும். மிக நன்றாக இருந்தது, இது எந்த நாட்டு ஆட்டம் என்று கேட்டாள். பக்கத்தில், கணுக்காலில் பனிக்கட்டிப் பொட்டலம் வைத்துக்கொண்டு தலைவர் உட்கார்ந்திருந்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் மரங்களைப் பார்த்தார். அவளுக்கு நான் இரண்டு பக்கப் பிரசுரத்தைக் கொடுத்தேன். என் கணவர் ஓடிவந்து மற்றத் தாளையும் கொடுத்தார்.

இரண்டு வாரம் தலைவர் வரவில்லை. கணுக்கால் சுளுக்கு என்று செய்தி. எனக்கு மனம் கேட்கவில்லை. சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. மனிதர் எங்களில் யாரையும் ஒருநாளும் தாழ்வாக நடத்தியதில்லை. நம்பியது ஒன்றே ஒன்று, அதையும் ஆளாளுக்குப் பிடித்து இழுத்துவிட்டோம். உறைப்புக் கறியை உள்ளே வைத்து மடித்து இருபது பற்றிஸ் பொரித்து, என் கணவரையும் பேருந்து ஓட்டியவரையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். போகும் வழியில், அங்கே சதிர் என்ற சொல்லை வாயால் எடுக்கக்கூடாது என்று கணவரிடம் சத்தியம் வாங்கினேன்.

தலைவர் ஊன்றுகோலோடு கதவைத் திறந்தார். வீட்டில் தனி ஆள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. நாலு பற்றிஸ் சாப்பிட்டார். கண்ணில் தண்ணீர் வந்தது. உறைப்பினால்தான் என்றார். பிறகு, "உங்கள் சிநேகிதியின் ஊரில் நாலாவது கட்டத்தில் இடப்பக்கம் போனபிறகு என்ன செய்வார்கள்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

அடுத்த வியாழன் அவர் வந்தார். தேநீர் இடைவேளையில் வரலாறு சொல்லவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் எல்லோரும் இரண்டு பிஸ்கற் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். மட்டக்களப்புக்காரி அவருடைய துணைக்கு எதிரே நின்று, அவர் ஊன்றுகோலால் சுட்டிக் கேட்கக் கேட்கத் தன் ஊர் அடிகளை ஆடிக் காட்டினாள். அவர் ஒரு கொப்பியில் குறித்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "எனக்குப் பதிலாக நீங்கள் ஆடுங்கள். பாட்டைக் கைப்பேசியில் போடலாம்" என்றார்.

"எனக்கு ஆடத் தெரியாது."

"பாட்டுத் தெரியுமே."

பாட்டுத் தெரிந்தால் ஆடலாம் என்பது பொய். ஒவ்வொரு சுரமும் எங்கே முடியும் என்று எனக்குத் தெரிந்தது. கால் எங்கே முடியும் என்று தெரியவில்லை. பேருந்து ஓட்டியவர் தன் இடத்தை எனக்குத் தந்துவிட்டுத் தலைவரின் இடத்துக்குப் போனார். நான் என் கணவருக்குப் பக்கத்தில் நின்றேன். மனிதர் ஆசிரியராகிவிட்டார்.

"வலக்கை. அது இடக்கை. ஐயோ, மற்றது! உமக்குப் பள்ளிக்கூடத்தில ஒண்டும் சொல்லித் தரேல்லையோ?"

"மெல்லமாக் கதையுங்கோ, ஆக்கள் பாக்கினம்."

கடைசிக் கட்டத்தில் ஒரு சங்கிலி வரும். ஆண்கள் ஒரு பக்கமாகவும் பெண்கள் எதிர்ப்பக்கமாகவும், எதிரே வருகிறவருக்கு வலக்கை, அடுத்தவருக்கு இடக்கை என்று கொடுத்துக்கொண்டு முழுவட்டம் போகவேண்டும். நான் பாதி தூரம் போயிருந்தபோது கைப்பேசியில் சார்ஜ் இறங்கிப் பாட்டு நின்றுவிட்டது. யாரும் நிற்கவில்லை. பேருந்து ஓட்டியவர் ஆடியபடியே குதிக்காலால் தாளத்தைப் பிடித்துக்கொண்டார். தலைவர் கதிரையில் இருந்தபடி, போலந்துக்காரரின் பாட்டைத் தொண்டை கரகரக்கப் பாடினார். சுருதி அரைப்படி கீழே இருந்தது. நான் கை மாற்றிக் கை மாற்றி வந்து என் கணவரின் எதிரே நின்றேன். அவர் இடுப்பை மடித்து, கையை நெஞ்சில் வைத்து, எனக்கு வணங்கினார்.

"நீரும் குனியவேணும்" என்றார் குனிந்தபடியே.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே குனிந்தேன்.